ரூட் பார்க்காமல் போன பயணம்

அப்பா முன்சீட்டில், வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். மதுரையில் 31 வருஷம் அரசு பஸ் ஓட்டியவருக்கு அது ஸ்டியரிங் இருக்க வேண்டிய பக்கம். நியூஜெர்சிக்கு வந்த இரண்டு மாதமாக, நான் பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய வலது காலும் தரையை அழுத்துவதைக் கவனித்திருக்கிறேன்.

2023 டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறை. எடிசனிலிருந்து ஆர்லாண்டோவுக்குக் கிளம்பினோம். ஆயிரத்துச் சொச்சம் மைல். நியூஜெர்சி, டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா என்று எட்டு மாநிலம். வாஷிங்டன் பக்கத்தில் வில்சன் பாலத்தைக் கடக்கும்போது சில நூறு அடிகளுக்குத் தலைநகர எல்லையும் வந்து போகும். புளியோதரை, ஃப்ளாஸ்க்கில் காபி, பிள்ளைகளுக்குத் தலையணை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ராத்திரி பன்னிரண்டரைக்கு வண்டியை எடுத்தோம். வர்ஜீனியாவில் இருக்கும் ரிச்மண்ட் வரை என் கணவர் ஓட்டினார். அங்கே ஒரு பெட்ரோல் பங்கில் இடம் மாறினோம். அவர் பின்சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே சாய்ந்த உடனே தூங்கிவிட்டார்.

அதே மாநிலத்தில் பீட்டர்ஸ்பர்க் தாண்டியதும் ஐ-95 நெடுஞ்சாலை ஆளரவம் இல்லாமல் விரிகிறது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள், நேர்கோடாய் ஓடும் ரோடு, லிமிட் மணிக்கு 70 மைல் என்று பலகை. எனக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி வேகமாய்ப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். முன்னால் ஒருவன் போகும்போது நம்மைப் பிடிக்க மாட்டார்கள் என்பது இங்கே நம் ஆட்கள் பலரும் நம்புகிற விஷயம். நானும் நம்பியிருந்தேன்.

"என்னத்தா, இம்புட்டு வேகமாப் போறோம், உள்ள ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது?" என்றார் அப்பா.

"ரோடு அப்படிப்பா" என்றேன்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் கண்ணாடியில் நீல விளக்கு சுழன்றது.

வலது ஓரமாக ஒதுங்கி நிறுத்தினேன். இன்னும் விடியவில்லை. இடது பக்கம் லாரிகள் கடக்கும்போதெல்லாம் வண்டி மொத்தமும் ஆடியது. இப்படி ஓரத்தில் போலீஸ் வண்டி விளக்குப் போட்டு நின்றால், பின்னால் வருபவர்கள் ஒரு லேன் தள்ளிப் போக வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தச் சட்டம் 2012-இல் ஹவாயோடு சேர்த்து 50 மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. அன்றைக்குத் தள்ளிப் போனவர்களும் உண்டு, அப்படியே உரசிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஓரத்தில் நின்று பார்த்த பிறகுதான் அந்தச் சட்டம் எதற்கு என்று எனக்கு உடம்பில் புரிந்தது.

அந்த லாரிகளுக்காகத்தான் ட்ரூப்பர், அதாவது மாநிலப் போலீஸ்காரர், என் பக்கம் வராமல் வலது பக்கமாய், அப்பா பக்கமாய் நடந்து வந்தார். யாரோ அதிகாரி வருகிறார் என்று பார்த்த அப்பா, கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார்.

ட்ரூப்பர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். கை இடுப்புக்குப் போனது. "உள்ளே இருங்கள், கதவை மூடுங்கள்" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அப்பாவுக்கு அந்த உச்சரிப்பு விளங்கவில்லை. ஏதோ கேட்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எழுந்தார். "அப்பா, இறங்காதீங்க! கதவ மூடுங்க!" என்று நான் தமிழில் அலறினேன். இருட்டில், தனக்குத் தெரியாத மொழியில் ஒருத்தி அலறுவதுதான் அந்த ட்ரூப்பருக்குக் கேட்டிருக்கும். அப்பா சட்டைப் பையில் கை வைத்தார். பாஸ்போர்ட் நகல் அங்கே இருந்தது. நான் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எத்தனை நொடி என்று சொல்லத் தெரியவில்லை. என் இன்னொரு கையை ஸ்டியரிங்குக்கு மேலே விரித்துக் காட்டி, "என் அப்பா, ஆங்கிலம் தெரியாது, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் மூன்று தடவை சொன்னேன். அப்பா காலை உள்ளே எடுத்தார். கதவு மூடியது. அதன் பிறகு ட்ரூப்பர் மரியாதையாகவே பேசினார், பிள்ளைகளைப் பார்த்துத் தலையசைத்தார். ஆனால் அந்த நொடிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன், கிளம்பும் முன்பு இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் வண்டியை நிறுத்தினால் டிரைவர் பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவதுதான் வழக்கம், அதுதான் மரியாதை. இங்கே இறங்குவதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வண்டியை ஓரம் கட்டுங்கள். எஞ்சினை அணையுங்கள். இருட்டாக இருந்தால் உள்விளக்கைப் போடுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் க்ளவ் பாக்ஸில் இருந்தால், "அதை எடுக்கப் போகிறேன்" என்று சொன்ன பிறகு எடுங்கள். கூட இருப்பவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு வேகம் போனீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. சொன்னது அப்படியே அவர் குறிப்பில் ஏறும், பிறகு நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். நான் பதற்றத்தில் "எண்பதுக்கு மேல் இருக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் ராடாரில் பார்த்தது 87. நம் கணக்கில் மணிக்கு 140 கிலோமீட்டர்.

ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, வருகிறேன் என்று உறுதி சொல்வதுதான் என்று விளக்கினார். அபராதம் எவ்வளவு, ஆன்லைனில் கட்டலாமா என்று கேட்டேன். "இதைக் கட்டிவிட்டுப் போக முடியாது. பிப்ரவரியில் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். இது ஸ்பீடிங் டிக்கெட் இல்லை, ரெக்லஸ் டிரைவிங், பொறுப்பில்லாமல் ஓட்டிய குற்றம்" என்றார்.

நான் யாரையும் வெட்டிக்கொண்டு போகவில்லை. லேன் மாறவில்லை, போன் பார்க்கவில்லை, குடித்திருக்கவில்லை. காலி ரோட்டில் நேராகப் போனேன். இதில் ரெக்லஸ் எங்கே வந்தது? இந்தக் கேள்வி மனதுக்குள் ஃப்ளோரிடா வரை என்னோடு வந்தது.

பதில் வர்ஜீனியா சட்டத்தின் ஒரு சின்னப் பிரிவில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் ரெக்லஸ் டிரைவிங் என்று சொல்ல, அடுத்தவர் உயிரையோ உடைமையையோ வேண்டுமென்றே மதிக்காமல் ஓட்டினார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். நியூஜெர்சியில் அப்படித்தான், ஃப்ளோரிடாவிலும் அப்படித்தான். எண் மட்டும் போதாது, ஓட்டிய விதமும் மனநிலையும் வேண்டும். வர்ஜீனியாவிலும் அப்படி ஒரு பொதுவான பிரிவு உண்டு. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது: லிமிட்டைவிட 20 மைல் அல்லது அதற்கு மேல் போனாலும் சரி, லிமிட் என்னவாக இருந்தாலும் 85-ஐத் தாண்டினாலும் சரி, அதுவே ரெக்லஸ். விளக்கம் எதுவும் வேண்டாம், ராடார் காட்டிய எண்ணே போதும். 70 லிமிட்டில் நான் கூடுதலாகப் போனது 17 மைல்தான். முதல் வலையில் நான் விழவில்லை. இரண்டாவதில் விழுந்தேன். 2020 ஜூலைக்கு முன்னால் அந்த எல்லைக்கோடு 80-ஆக இருந்தது. அதாவது 70 ரோட்டில் 81 போனாலே இந்தத் தாள் கிடைத்திருக்கும்.

முதல் வலையும் லேசானதில்லை. ஐ-95 நகரங்களுக்குள் நுழையும்போது லிமிட் 55-க்கு இறங்கிவிடும். 70-இல் ஓடி வந்த கால் அப்படியே 75-ஐ மிதித்துக்கொண்டிருந்தால், கூடுதல் 20. கதை முடிந்தது.

இந்தக் குற்றத்துக்கு அங்கே பெயர் முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது கடுங்குற்றத்துக்குக் கீழே வரும் குற்றவியல் குற்றம். முதல் தடவை குடித்துவிட்டு ஓட்டி மாட்டுபவர்களுக்கும் அதே வகுப்புதான். அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் அபராதம், ஆறு மாதம் வரை லைசென்ஸ் முடக்கம். அந்த மாநில ஓட்டுநர் பதிவில் ஆறு பாயிண்ட் (மீறலுக்குப் போடும் கெட்ட மதிப்பெண்), தண்டனை அந்தப் பதிவில் 11 வருஷம் நிற்கும். 80-க்கும் 90-க்கும் இடையே மாட்டியவர்களைப் பொதுவாகச் சிறைக்கு அனுப்புவதில்லை, 100-ஐத் தாண்டியவர்களைச் சில நீதிபதிகள் சில நாளாவது உள்ளே வைக்கிறார்கள் என்று பிறகு நான் வைத்த வக்கீல் சொன்னார். ராடார் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் கருவியை வண்டியில் வைத்திருப்பதும் வர்ஜீனியாவில் சட்டவிரோதம். நியூஜெர்சியில் வாங்கி மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று வீட்டுக்குத் திரும்பியதும் உட்கார்ந்து படித்தேன். வேக வரம்பு பொதுவாக மாநிலங்களின் கையில் இருந்த விஷயம். 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலைச் சேமிக்க, 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் நாடு முழுக்க 55 என்று கட்டியது. மாநிலம் ஒத்துக்கொள்ளாவிட்டால் நெடுஞ்சாலைப் பணம் வராது. 1987-இல் ஊருக்கு வெளியே 65 வரை அனுமதித்தார்கள். 1995 நவம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். கயிறு அறுந்ததும் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு திசையில் போனது. மொன்டானா பகல் நேரத்துக்கு எண்ணே வைக்கவில்லை, "நியாயமாகவும் பொறுப்பாகவும்" ஓட்டினால் போதும் என்றது. எது நியாயம் என்று ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, 1998-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. அடுத்த வருஷம் அங்கேயும் பலகையில் எண் வந்தது. டெக்சாஸில் 130-ஆம் எண் டோல் ரோட்டின் ஒரு பகுதியில் 2012 முதல் லிமிட் 85. நாட்டிலேயே அதிகம் அதுதான். அங்கே ஒரு குடும்பம் 85-இல் க்ரூஸ் கண்ட்ரோல் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு சட்டப்படி போகலாம். அதைவிட ஒரு மைல் கூடப் போனால் வர்ஜீனியாவில் அது குற்றவியல் வழக்கு.

இதையெல்லாம் படித்தபோது அப்பா பழைய விஷயம் ஒன்றைச் சொன்னார். டியூட்டி மாற்றிப் புது ரூட் போட்டால், முதல் நாளே வண்டியை எடுக்க மாட்டாராம். அந்த ரூட்டில் பழகிய டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நடை போய் வருவார். எந்த வளைவில் பள்ளிக்கூடம், எங்கே மாடு குறுக்கே வரும், எந்தப் பாலத்தில் ஒரு வண்டிதான் போக முடியும் என்று பார்த்துக்கொள்வார். "ரூட் பாக்குறது"ன்னு அதுக்குப் பேரு, என்றார். "நீ எட்டு ஊரு ரோட்டுல போயிருக்க. ஒரு ஊருக்காவது ரூட் பாத்தியாத்தா?"

ஹோட்டல் விமர்சனம் நூறு படித்திருந்தேன். டிஸ்னிக்குள் எந்த ரைடுக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று எக்செல் போட்டிருந்தேன். ஒரு மாநிலத்தின் சாலைச் சட்டத்தையும் பார்க்கவில்லை. "பத்து மைல் கூடப் போனால் ஒன்றும் இல்லை" என்று யாரோ ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் சொன்னது மட்டுமே என் சட்ட அறிவு.

அதனால் இப்போது பார்க்கிறேன். வடக்கிலிருந்து தெற்கே போவோம். நியூஜெர்சி டர்ன்பைக்கில் பெரும்பாலும் 65. டெலவேர் கண்மூடித் திறக்கும் முன் முடிந்துவிடும். மேரிலாந்தில் 2025 அக்டோபர் 1 முதல் லிமிட்டைவிட 30 மைல் அதிகம் போனாலே ரெக்லஸ் என்று சட்டம் மாறியிருக்கிறது, 60 நாள் வரை சிறையும் உண்டு. 2023-இல் ஐ-270-இல் ஒரு வேகப் பைத்தியத்தைத் தடுக்கப் போய் இரண்டு கால்களையும் இழந்த பேட்ரிக் கெப் என்ற போலீஸ் சார்ஜெண்டின் பெயரில் வந்த சட்டம் அது.

வட கரோலினாவில் லிமிட்டைவிட 15-க்கு மேல் போனாலோ, 80-ஐத் தாண்டினாலோ அதுவும் மிஸ்டிமீனர்தான், வர்ஜீனியாவைவிட லேசான மூன்றாம் வகுப்பு. ஆனால் அங்கே லைசென்ஸ் 30 நாள் முடங்கும் ஆபத்து இருக்கிறது. வர்ஜீனியாவைத் தாண்டிவிட்டோம், இனி மிதிக்கலாம் என்று மூச்சு விடுகிறவர்கள் இங்கே மாட்டுகிறார்கள். தென் கரோலினாவில் வேகத்துக்கு ஏற்ப இரண்டு, நான்கு, ஆறு என்று பாயிண்ட்.

ஜார்ஜியா வேறு மாதிரி. 2010 ஜனவரியிலிருந்து அங்கே "சூப்பர் ஸ்பீடர்" என்று ஒரு சட்டம். இருவழிச் சாலையில் 75, மற்ற எந்த ரோட்டிலும் 85 அல்லது அதற்கு மேல் போனால், உள்ளூர் நீதிமன்ற அபராதம் போக மாநிலத்துக்கு இன்னொரு 200 டாலர். இதில் நம் ஆட்கள் ஏமாறும் இடம் எதுவென்றால், அந்த 200 டாலருக்கான கடிதம் முதல் அபராதத்தைக் கட்டி முடித்த பிறகு தனியாகத் தபாலில் வரும். கட்டியாயிற்றே என்று குப்பையில் போட்டுவிடுவார்கள், அல்லது வீடு மாறியிருப்பார்கள். 120 நாளில் கட்டாவிட்டால் லைசென்ஸ் முடங்கும். பிறகு அதை மீட்க 50 டாலர் தனி. ஃப்ளோரிடா ரொம்ப காலம் தாராளமாக இருந்த மாநிலம். 2025 ஜூலை 1 முதல் அங்கேயும் லிமிட்டைவிட 50 மைல் அதிகம் போனாலோ, 100-ஐத் தொட்டு அடுத்தவருக்கு ஆபத்தாக ஓட்டினாலோ, முதல் தடவைக்கே 30 நாள் வரை சிறை.

"வெளி மாநிலத்து டிக்கெட்தானே, வீட்டுக்கு வந்துவிட்டால் யார் கேட்பார்கள்?" என்று என்னிடம் ஆறுதலாகச் சொன்னவர்கள் நாலைந்து பேர். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஒரு மாநிலத்தில் கிடைத்த தண்டனை, லைசென்ஸ் கொடுத்த மாநிலத்துக்குப் போய்ச் சேரும். டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சொந்த மாநிலமே லைசென்ஸை முடக்கும். ஜார்ஜியா போல அந்த ஒப்பந்தத்தில் சேராத சில மாநிலங்களும் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தத் தகவலை வைத்து என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. வெளியே நடந்த மீறல் எதுவானாலும் நியூஜெர்சி இரண்டு பாயிண்ட் போடும். பக்கத்திலேயே இருக்கும் நியூயார்க், கனடாவின் ஒன்டாரியோவும் கியூபெக்கும் தவிர வெளியிடத்து மீறல்களுக்குப் பாயிண்ட் போடுவதில்லை.

எனக்கும் இரண்டு பாயிண்ட்தான் என்றால் இவ்வளவு பயம் எதற்கு? பாயிண்டும் குற்றப்பதிவும் ஒன்றல்ல என்பதுதான் காரணம். ரெக்லஸ் டிரைவிங் என்று தீர்ப்பாகிவிட்டால் வர்ஜீனியாவில் எனக்கு ஒரு குற்றவியல் தண்டனை இருக்கிறது என்று அர்த்தம். நானும் கணவரும் எச்-1பி விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசையில் பல வருஷமாக நிற்கிறோம். விசா ஸ்டாம்பிங் படிவத்தில் எந்தக் குற்றத்துக்காவது கைதாகியோ தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது. சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் வைத்திருப்பவர் யோசிக்காமல் தாண்டிப் போகும் கேள்வி அது. மிஸ்டிமீனர் வைத்திருப்பவர் "ஆம்" என்று போட்டு, நீதிமன்ற ஆவணத்தை இணைத்து, விளக்கம் எழுத வேண்டும். விசா மறுத்தே விடுவார்கள் என்றில்லை. ஆனால் ஒவ்வொரு படிவத்திலும், ஒவ்வொரு புது வேலையின் பின்னணிச் சோதனையிலும் அது கூட வரும். டிக்கெட் வாங்கியவுடன் போக்குவரத்து வக்கீல் ஒருவரையும் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் கேட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ரெக்லஸ் தாள் வாங்கியதும் அந்தப் பகுதி வக்கீல்களிடமிருந்து கட்டுக்கட்டாகக் கடிதம் வரும். நீதிமன்றப் பட்டியல் பொதுவில் இருப்பதால் அது. நான் மூன்று பேரிடம் பேசி ஒருவரை வைத்தேன். அவர் சொன்ன வேலைகள்: நியூஜெர்சியில் என் ஓட்டுநர் பதிவை முழுதாக எடுக்க வேண்டும். எட்டு மணி நேர டிரைவர் வகுப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஸ்பீடோமீட்டரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மீட்டர் இரண்டு மைல் குறைத்துக் காட்டியிருந்தால்கூட, 85-ஐத் தாண்டவில்லை என்று நான் நினைத்தேன் என்பதற்கு அது ஆதாரம். என் மீட்டர் சரியாகவே இருந்தது. அந்த வழி அடைந்தது.

அந்த வகுப்பில்தான் முதல் தடவையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வட கரோலினா எல்லை ஏறக்குறைய 50 மைல். 70-இல் போனால் 43 நிமிடம். 87-இல் போனால் முப்பத்து நாலரை. மிச்சம் எட்டரை நிமிடம். வண்டி எதிலாவது மோதினால் அதில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 70-க்கும் 87-க்கும் இடையே அது ஒன்றரை மடங்குக்கும் மேல். எட்டரை நிமிடத்துக்காக, பின்சீட்டில் தூங்கும் இரண்டு பிள்ளைகளோடு, ஒன்றரை மடங்கு.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை எட்டரைக்கு அந்தச் சின்ன ஊரின் நீதிமன்றத்தில் இருந்தேன். வக்கீல் மட்டும் போனாலே போதும் என்றார்கள், நான்தான் போவேன் என்றேன். மரப் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. பாதிக்கு மேல் வெளி மாநிலத்துக்காரர்கள். ஒரு கல்லூரிப் பையன், 104. கையில் புதிதாய் வாங்கிய கோட், அம்மா பக்கத்தில். ஒரு நர்ஸ், இரவு டியூட்டி முடிந்து போனபோது பிடிபட்டவள், யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள். ஒரு தெலுங்குத் தம்பதி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன்.

என் முறை வந்தபோது ட்ரூப்பர் தன் குறிப்பிலிருந்து வாசித்தார். இருட்டு, ரோடு காய்ந்திருந்தது, வண்டிகள் குறைவு, ஓட்டுநர் ஒத்துழைத்தார். அதன் பிறகு யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தார்: "வண்டியில் இரண்டு குழந்தைகளும் வயதான ஒருவரும் இருந்தார்கள்." அது எனக்குச் சாதகமா பாதகமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீதிபதி என் பழைய பதிவையும் வகுப்புச் சான்றிதழையும் புரட்டினார். வழக்கை "இம்ப்ராப்பர் டிரைவிங்" என்று குறைத்தார். அது குற்றவியல் கணக்கில் வராத சாதாரண போக்குவரத்து மீறல், அபராதம் 500 டாலருக்குள், மூன்று பாயிண்ட். எனக்கு 250 டாலரும் நீதிமன்றச் செலவும். வக்கீலுக்கு 1,200. அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று பார்க்க நான் இருக்கவில்லை. வெளியே வரும்போது அவன் அம்மா வராந்தாவில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பால்டிமோரைச் சுற்றி வந்தேன். ஐ-695-இல் 2023 மார்ச் 22 அன்று, சாலை வேலை நடந்த இடத்தில் ஆறு தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். இரண்டு கார்கள் 100 மைலைத் தாண்டிய வேகத்தில் வந்தன. லேன் மாறும்போது மற்றதில் தட்டிய கார், காங்கிரீட் தடுப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாக உள்ளே பாய்ந்தது. தடுப்புக்கு உள்ளே பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பி வேலை பார்த்தவர்கள் அவர்கள். அதன் பிறகு மேரிலாந்து சட்டத்தை மாற்றியது. எவ்வளவு வேகமானாலும் 40 டாலர் என்று இருந்த வேலைப்பகுதி கேமரா அபராதம் முதலில் 80 ஆனது, 2025 ஜனவரியிலிருந்து வேகத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அந்த வளைவில் வண்டியை மெதுவாக்கியபோது, காலி ரோட்டில் நான் யாருக்கும் எதுவும் செய்யவில்லையே என்று இரண்டு மாதமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த வாதம் வாயில் வரவில்லை. அன்றைக்கு அது காலி ரோடாக இருந்தது. நான் பார்த்து வைத்த காலி இல்லை அது.

வர்ஜீனியாவில் 100-ஐத் தாண்டித் தண்டனை பெற்றவர்களின் வண்டியில், லிமிட்டுக்கு மேல் போகவிடாத கருவியை மாட்டச் சொல்ல 2026 ஜூலை முதல் நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, "எங்க பஸ்ல அப்பவே ஸ்பீடு கவர்னர் இருந்துச்சே" என்றார்.

அந்த அதிகாலையைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். வட கரோலினா எல்லையில் இருக்கும் ரெஸ்ட் ஏரியாவில், ஃப்ளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தேன். கை நடுங்கிப் பாதி சிந்தியது. "அவென் கத்துனப்ப எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலத்தா. ஒனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேனோன்னு இருந்துச்சு" என்றார். தப்புச் செய்தவள் நான். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல நின்றார்.

ஊருக்குத் திரும்பும் முன், ஒரு கவரின் பின்பக்கத்தில் எட்டு மாநிலத்தின் பெயரையும் தமிழில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே லிமிட்டைக் கிலோமீட்டரில் தானே போட்டுவைத்தார். எழுபதுக்கு நூத்திப் பன்னண்டு, அறுபத்தஞ்சுக்கு நூத்தி நாலு. அவருடைய டிரிப் ஷீட் எழுத்து. மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

போன டிசம்பரில் மறுபடி ஃப்ளோரிடா போனோம். பீட்டர்ஸ்பர்க் தாண்டும்போது அப்பா போனில் வந்தார். என் கணவர் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

"எங்கத்தா இருக்க?"

"அந்த ரோட்டுலதாம்ப்பா."

"எம்புட்டுப் போற?"

"அறுபத்தெட்டு."

"நம்ம கணக்குல சொல்லு."

"நூத்தி ஒம்பது."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அவர் மனதுக்குள் கவரைப் புரட்டுகிறார் என்று தெரிந்தது.

"சரி. போன வையி. ரோட்டப் பாரு."